தேறல்

மூன்று புட்டிகளோடு போயிருந்தேன்,
ரெஜியோவுக்கு மேலே ஒரு மலை வளைவில்
எர்மெத்தேயின் சீஸ் கூடத்துக்கு.
மூன்றும் நான் விற்கிற சரக்கு.
கழுத்தில் பொன்னெழுத்து.
ஆர்டர் தாளில் அவர் கையெழுத்துக்கு
இடம் விட்டிருந்தேன், தாராளமாக.

அவர் முதலில் எடுத்தது சுத்தியலை.
சின்னது. மருத்துவர் முழங்காலில் தட்டுவாரே, அந்த அளவு.
வண்டிச் சக்கரம் போலிருந்த ஒன்றைப்
புரட்டித் தட்டிக் காது வைத்தார்.
"நாற்பது மாதம். இவன் தேறிவிட்டான்."
பக்கத்தில் இருந்ததைத் தட்டினார்.
எனக்கு இரண்டும் ஒரே ஓசை.
"இவன் தேறவில்லை. உள்ளே எங்கோ விரிசல்.
தோலில் கோடு கிழித்துவிட்டார்கள், பாருங்கள்.
விலை குறைவு.
வீட்டுக்கு நான் எடுத்துப்போவது இவனைத்தான்."

வெட்டவில்லை.
பாதாம்பருப்பு வடிவக் கத்தியை நுழைத்துத் திருகினார்.
பாறை வாய் திறந்த மாதிரி பிளந்தது.
வெண்மணிகள் பல்லில் நறநறத்தன.
(மணலென்று துப்பிய வாடிக்கையாளர் ஒருவர்
எனக்கு உண்டு. வைனுக்கும் பணம் தரவில்லை.)

பரோலோ என் ஊர்க்காரன்,
கொஞ்சம் கர்வத்தோடு ஊற்றினேன்.
துவர்ப்பு உப்பின் தோளில் ஏறி நின்றது.
நாவில் துரு.
"நல்ல வைன்" என்றார். "நல்ல சீஸ்.
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள்."

அமரோனே.
"இவர் அடுத்தவரைப் பேசவே விடமாட்டார்."

மூன்றாவது, பாந்தெல்லேரியா தீவின் இனிப்பு,
தேன் நிறம்.
கண்ணை மூடினார்.
நான் பேனாவின் மூடியைத் திறந்தேன்.
"ஞாயிற்றுக்கிழமைக்குச் சரி" என்றார்.
"வாரத்தில் மிச்சம் ஆறு நாள் இருக்கிறதே."

அப்போதுதான் குர்தேஜ் வந்தான்,
உப்புநீர்த் தொட்டியிலிருந்து, கையைத் துடைத்தபடி.
பஞ்சாபிலிருந்து வந்து பதினேழு வருடம்.
குடிப்பதில்லை. முகர்வான்.
மூன்று கோப்பைகளிலும் மூக்கை வைத்தான்,
பிறகு சீஸில், நெடுநேரம்.
"பிப்ரவரி. மாடுகள் வைக்கோல் தின்ற மாதம்.
இதற்கு அது சரிவரும்,
பாத்திரம் கழுவும் இடத்துக்குக் கீழே இருக்கிறதே."

எர்மெத்தேயின் முகம் சுருங்கியது.
"அது சமையலுக்கு."
"அதைத்தான் சொல்கிறேன்."

பெயர்ச்சீட்டு இல்லை. பீர் புட்டி மூடி.
திறந்ததும் சீறியது.
நாவற்பழச் சாற்றின் நிறம், விளிம்பில் ஊதா நுரை.
லாம்புருஸ்கோ, யார் வீட்டிலோ செய்தது.
குமிழ்கள் உப்பைக் கழுவிக்கொண்டு போயின,
புளிப்பு கொழுப்பை அறுத்தது,
அடுத்த துண்டுக்கு வாய் புத்தம் புதிதாய் இருந்தது.
வியாபாரம் போய்விட்டது என்று தெரிந்தது.
இன்னொரு துண்டு எடுத்தேன்.

"யார் செய்தது?"
குர்தேஜ் தொட்டிக்குத் திரும்பிவிட்டான்.
சுத்தியலிடம் சொல்வதுபோல் அவர் சொன்னார்:
"மனைவியின் தம்பி. ஃபியோரென்சோ.
வேலித் தகராறு. இல்லை, டிராக்டர்.
எதில் தொடங்கியதோ.
இவனைத் தொட்டியில் இறக்கிய வாரம்."

"ஆனாலும் புட்டி வருகிறதே?"
"ஐவொன் போவாள், கிறிஸ்துமசுக்கு.
நான் கறியில் ஊற்றச் சொல்வேன்."

பிறகு, கோடு கிழித்த சக்கரத்திலிருந்து
ஒரு பெரிய துண்டைப் பிளந்து
பழுப்புத் தாளில் சுற்றினார்.
"கானோசா வழியாகத்தானே இறங்குவீர்கள்?"
என் சாலை நேரெதிர்.
ஆமாம் என்றேன்.
"அவரிடம் என்ன சொல்ல?"
"ஒன்றும் வேண்டாம்.
தோலில் கோடு இருக்கிறது. அவனே பார்ப்பான்."

முன்னிருக்கையில் வைத்தேன், ஐந்து கிலோ இருக்கும்.
முதல் வளைவிலேயே கார் கத்தத் தொடங்கியது,
யாரோ உட்கார்ந்திருக்கிறார் என்று.
ஓரங்கட்டி அதற்கு இருக்கைப் பட்டை மாட்டினேன்.

கையெழுத்தில்லாத தாள் கால் மாட்டில் கிடந்தது.
பின்னால், பாதி காலியான என் மூன்று புட்டிகள்
வளைவுக்கு வளைவு
ஒன்றையொன்று தட்டித் தட்டிக்
கேட்டுக்கொண்டு வந்தன.